நல்ல பிள்ளை என்ற பெயர்: டானி ஆஸ்மண்டின் அறுபதாண்டு மேடை

ஒரு சிறிய சமூகத்திலிருந்து ஒருவர் பெரும்புகழ் அடைந்துவிட்டால் அவரை யாரும் தனி மனிதராக மட்டும் பார்ப்பதில்லை. அவர் செய்கிற நல்லது கெட்டது எல்லாம் அவருடைய சமூகத்தின் கணக்கில் எழுதப்படும். சொந்த மாநிலத்தை விட்டு வெளியே வாழும் நமக்கு இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அலுவலகத்தில் ஒரு தமிழர் சொன்ன சொல் தவறினால், சம்பந்தமே இல்லாத இன்னொரு தமிழரிடம் வந்து "உங்க ஆளுங்களே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இந்தச் சுமையை ஆறு வயதிலேயே தோளில் ஏற்றிக்கொண்டு, அறுபது வயதைத் தாண்டியும் மேடையில் நின்ற ஒரு கலைஞரைப் பற்றி இந்த மலரில் எழுதலாம் என்று தோன்றியது. அவர் அமெரிக்கப் பாடகர் டானி ஆஸ்மண்ட். நடிகர், நகைச்சுவைக் கலைஞர், தொலைக்காட்சித் தொகுப்பாளர் என்று பல வேடங்கள் அவருக்கு உண்டு. சமயத்தால் மார்மன்.

பழைய ஆங்கிலப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கலாம். இளையவர்கள் அவர் குரலை வேறு வழியில் கேட்டிருப்பார்கள். 1998இல் வந்த டிஸ்னியின் 'முலான்' படத்தில் படைத்தலைவன் ஷாங் பாடுகிற போர்ப் பயிற்சிப் பாட்டைப் பாடியது அவர்தான். என் பேத்தி அதைக் கேட்டுக்கொண்டு வீடு முழுக்கக் குதித்தபோது, இந்தக் குரலுக்குப் பின்னால் இவ்வளவு நீண்ட கதை இருக்கிறது என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். அவளுக்குப் பாட்டுதான் வேண்டியிருந்தது. கதையை உங்களுக்குச் சொல்கிறேன்.

மார்மன்கள் யார்?

'மார்மன்' என்பது பிறர் இட்டு நிலைத்துவிட்ட பெயர். சபையின் முறையான பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. முழுப் பெயரையே பயன்படுத்தும்படி 2018இல் சபைத் தலைமை கேட்டுக்கொண்டது. நான் இங்கே சுருக்கம் கருதியே பழைய பெயரை எழுதுகிறேன்.

1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் இந்தச் சபையைத் தொடங்கினார். அதே ஆண்டில் 'மார்மன் நூல்' அச்சாகியது. விவிலியத்தோடு இதையும் வேதமாகக் கொண்டதால் மற்றக் கிறித்தவர்கள் இவர்களை ஏற்கவில்லை. ஊர் ஊராகத் துரத்தப்பட்டார்கள். 1844இல் இல்லினாய் மாநிலத்துக் கார்த்தேஜ் சிறையில் புகுந்த கும்பல் ஸ்மித்தைச் சுட்டுக் கொன்றது. அடுத்து வந்த பிரிகாம் யங், 1847இல் தம் மக்களை மேற்கே உப்பு ஏரிப் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனார். அதுதான் இன்றைய யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரம். ஆரம்ப காலத்தில் அவர்களிடம் பலதார மணம் இருந்தது. 1890இல் சபை அதைக் கைவிட்டது. ஆனால் அதைப் பற்றிய கேலி இன்றுவரை அவர்களை விடவில்லை.

இவர்களுடைய அன்றாட ஒழுக்கம் கடுமையானது. மது, புகையிலை கிடையாது. காப்பி, தேநீரும் கிடையாது. நம்மவர்களுக்கு இதுதான் பெரிய சோதனையாகத் தெரியும்! வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகச் சபைக்குத் தர வேண்டும். திருமணத்துக்கு முன் உடலுறவு கூடாது. வாரத்தில் ஒரு மாலையைக் குடும்பத்துக்கென்று ஒதுக்க வேண்டும். இளைஞர்கள் இரண்டு ஆண்டுகள் வீட்டை விட்டுப் போய் ஊழியம் செய்ய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

இவ்வளவு கட்டுப்பாடு உள்ளவர்கள் ஆட்டம் பாட்டத்தை வெறுப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். விஷயம் நேர்மாறு. பாட்டு, நடனம், நாடகம் மூன்றையும் ஆரம்பத்திலிருந்தே ஆதரித்தவர்கள் இவர்கள். பாலைவனத்தில் குடியேறிப் பதினைந்து ஆண்டுக்குள், 1862இல், சால்ட் லேக் நகரில் பெரிய நாடக அரங்கு ஒன்றைக் கட்டினார் பிரிகாம் யங். சபையின் புகழ்பெற்ற சேர்ந்திசைக் குழு 1929 முதல் வாராவாரம் வானொலியில் பாடி வருகிறது. அந்த மண்ணிலிருந்து ஒரு பாட்டுக்காரக் குடும்பம் வந்ததில் ஆச்சரியமில்லை.

ஒன்பது பிள்ளைகளின் வீடு

யூட்டாவின் ஆக்டன் ஊரில் ஜார்ஜ், ஆலிவ் ஆஸ்மண்ட் தம்பதிக்கு ஒன்பது பிள்ளைகள். எட்டு ஆண், ஒரு பெண். மூத்தவர்கள் இருவருக்கும் பிறவியிலேயே காது கேளாமை. அவர்களுக்குக் காது கேட்கும் கருவி வாங்கும் செலவுக்கு உதவியாகத்தான் ஆலன், வெய்ன், மெரில், ஜே என்ற நான்கு தம்பிகளும் 1950களின் இறுதியில் நாற்குரல் இசை பாட ஆரம்பித்தார்கள். முதலில் சபைக் கூட்டங்கள், பிறகு டிஸ்னிலேண்ட், அங்கிருந்து 1962இல் ஆண்டி வில்லியம்ஸ் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சி. ஏழாவது பிள்ளை டானி பிறந்தது 1957 டிசம்பர் 9. 1963 இறுதியில், ஆறு வயதை ஒட்டி, அவனையும் அதே நிகழ்ச்சியில் ஏற்றினார்கள். அன்று ஏறியவர்தான்.

1971இல் குடும்பத்தின் தலைவிதி மாறியது. அலபாமா மாநிலத்தின் மசில் ஷோல்ஸ் ஊரில், கறுப்பின இசைக்குப் பேர்போன ஃபேம் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர்கள் பதிவு செய்த 'ஒன் பேட் ஆப்பிள்' என்ற பாட்டு அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. எழுதியவர் ஜார்ஜ் ஜாக்சன் என்ற கறுப்பினப் பாடலாசிரியர். கேட்டவர்கள் பலர் அது ஜாக்சன் ஃபைவ் குழுவின் பாட்டு என்றே நினைத்தார்கள். அதே ஆண்டில் டானி தனியாகப் பாடிய 'கோ அவே லிட்டில் கேர்ள்' பாட்டும் முதலிடம் பிடித்தது. அப்போது அவருக்கு வயது பதின்மூன்று. 1972இல் 'பப்பி லவ்' பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடம். அடுத்த ஆண்டு அங்கேயே இன்னும் இரண்டு முதலிடங்கள். 1973 அக்டோபரில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஆஸ்மண்ட்களைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தில் மாடத்தின் சுவர் இடிந்து பல ரசிகைகள் காயமடைந்தார்கள்.

மைக்கேல் ஜாக்சனோடு டானியை ஒப்பிடுவது அன்று பத்திரிகைகளுக்கு வழக்கம். ஒப்பிடவும் நிறைய இருந்தது. இரண்டும் ஒன்பது பிள்ளைகள் வளர்ந்த வீடு, இருவருமே வளர்ந்தவர்களில் ஏழாவது, இரண்டு வீட்டிலும் சமயக் கட்டுப்பாடு அதிகம். இருவரும் நண்பர்களாகவும் இருந்தார்கள். ஆனால் ஒரு முரண் இருந்தது. ஆஸ்மண்ட்கள் கறுப்பின இசையின் பாணியில் பாடிப் புகழ் பெற்ற அந்த ஆண்டுகளில், அவர்களுடைய சபை கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் தர மறுத்து வந்தது. 1978 ஜூனில்தான் அந்தத் தடை நீங்கியது. டானி வளர்ந்த ஆண்டுகளில் மார்மன் என்ற பெயரோடு இந்தக் கேள்வியும் சேர்ந்தே வந்தது. சமூகத்தின் பெயரைச் சுமப்பதென்றால் அதன் பெருமையோடு கணக்கு நின்றுவிடுவதில்லை.

சபையும் சந்தையும்

நம்பிக்கையை மறைத்துக்கொண்டு பாடியவர்கள் இல்லை இவர்கள். 1973இல் வெளியிட்ட 'தி பிளான்' என்ற இசைத்தட்டு முழுவதும் மார்மன் கொள்கைதான். மனிதன் எங்கிருந்து வந்தான், எதற்காக இருக்கிறான், எங்கே போகிறான் என்ற கேள்விகளை ராக் இசையில் கேட்டார்கள். 1972இல் வந்த 'கிரேசி ஹார்சஸ்' கார்ப் புகையைக் கண்டித்து அண்ணன்மார் எழுதிய முரட்டுப் பாட்டு. தலைப்பில் போதைப் பொருள் பற்றிய குறிப்பு இருப்பதாக நினைத்து அதைத் தென்னாப்பிரிக்காவில் தடை செய்தார்கள். காப்பி கூடக் குடிக்காத பையன்களுக்கு வந்த பழி இது!

சந்தைக்கு வேண்டியதோ வேறு. பதின்பருவப் பெண்கள் சுவரில் ஒட்டிவைக்க, பெற்றோர் ஆட்சேபிக்காத ஒரு முகம் வேண்டும். டானியின் முகம் அதற்கு வாய்த்தது. பளிச்சென்ற பல்வரிசை, ஊதா நிறக் காலுறை, பணிவான பேச்சு. சபைக்கு வேண்டிய நல்ல பிள்ளையும், கம்பெனிக்கு வேண்டிய நல்ல பிள்ளையும் ஒரே ஆளாகிவிட்டார்கள். இளைஞர்கள் போக வேண்டிய இரண்டாண்டு ஊழியத்துக்கு டானி போகவில்லை. மேடையே அவருடைய ஊழியம் என்று கருதப்பட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஊழியத்துக்குப் போன பையன் இரண்டு வருடத்தில் வீடு திரும்பிவிடுவான். இவருக்குத் திரும்பும் தேதி இல்லை.

1976 ஜனவரியில் ஏபிசி தொலைக்காட்சியில் 'டானி அண்ட் மேரி' தொடங்கியது. அண்ணனுக்குப் பதினெட்டு, தங்கைக்குப் பதினாறு. பல்சுவை நிகழ்ச்சி என்பது அந்தக் கால அமெரிக்கத் தொலைக்காட்சியின் தனி வகை. ஒரே மணி நேரத்தில் பாட்டு, பனிச்சறுக்கு நடனம், விருந்தினர், குறுநாடகம் எல்லாம் வந்து போகும். தங்கை நாட்டுப்புற இசைக்கும் அண்ணன் ராக் இசைக்கும் வக்காலத்து வாங்கி மாறிமாறிப் பாடும் பகுதிக்குத் தனி வரவேற்பு. டானி நகைச்சுவையைக் கற்றது இங்கேதான். தங்கை மடக்கிப் பேசுவாள், அண்ணன் அசடு வழிவார். ஜோக்கைச் சொல்வதை விட ஜோக்குக்கு ஆளாவது கடினமான வித்தை. எந்த நொடியில் விழிக்க வேண்டும், எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க வேண்டும் என்ற கணக்குத் தெரிய வேண்டும்.

1977இல் யூட்டாவின் ஓரெம் நகரில் சொந்தப் படப்பிடிப்புக் கூடம் கட்டி நிகழ்ச்சியையே அங்கே கொண்டுபோனார்கள். 1979இல் நிகழ்ச்சி நின்றது. அதற்குள் 1978இல் டானிக்குத் திருமணம் ஆகியிருந்தது. கனவு நாயகனுக்குக் கல்யாணம் ஆனதில் ரசிகைகளுக்கு வருத்தம். அந்த ஆண்டு அண்ணனும் தங்கையும் நடித்த 'கோயிங் கோகனட்ஸ்' படமும் ஓடவில்லை. பெரிய செலவும் தவறான முதலீடுகளும் சேர்ந்து குடும்பத்தைக் கடனில் தள்ளின. திவால் அறிவிக்காமல் உழைத்தே கடனைத் தீர்த்ததாகக் குடும்பத்தினர் சொல்லியிருக்கிறார்கள்.

பெயரே பகையான காலம்

நம் பாய்ஸ் கம்பெனி நாடகக்காரர்கள் மகரக்கட்டு என்று ஒன்றைச் சொல்வார்கள். பையனுக்குக் குரல் உடையும் பருவம். அதோடு பலருடைய நாடக வாழ்க்கையே முடிந்துவிடும். டானியின் குரல் 1971க்கும் 1973க்கும் இடையில் உடைந்ததை அவருடைய இசைத்தட்டுகளிலேயே கேட்கலாம். குரல் தப்பித்துக்கொண்டது. உடையாமல் சிக்கிக்கொண்டது பெயர்தான். 1982 மார்ச்சில் பிராட்வேயில் 'லிட்டில் ஜானி ஜோன்ஸ்' என்ற இசை நாடகத்தில் கதாநாயகனாக வந்தார். தொடக்க நாளன்று ஒரே ஒரு காட்சியோடு நாடகத்தை மூடிவிட்டார்கள்.

எண்பதுகளில் வானொலிக்காரர்கள் அவர் பெயரைப் பார்த்தாலே தட்டை ஒதுக்கினார்கள். பெயரை மாற்றிக்கொள் என்று மைக்கேல் ஜாக்சனே யோசனை சொன்னதாக டானி பல பேட்டிகளில் கூறியிருக்கிறார். விளம்பர ஆலோசகர் ஒருவரின் யோசனை இன்னும் விசித்திரம். போதைப் பொருளோடு பிடிபட்டது போல ஒரு நாடகம் ஆடினால் 'நல்ல பிள்ளை' முத்திரை போய்விடுமாம். டானி மறுத்துவிட்டார். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையின் முக்கியமான முடிவு இதுதான். பொய்யாகக் கெட்டவனாவதற்கு அன்று நல்ல விலை கிடைத்திருக்கும். குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கிற வீட்டில் அந்தப் பொய்யை எப்படிச் சொல்வது?

கைகொடுத்தவர் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பீட்டர் கேப்ரியல். அவர் ஊக்கம் தந்து தம் ஒலிப்பதிவுக் கூடத்தையும் கொடுத்தார். அந்த முயற்சியில் பிறந்த இசைத்தட்டில் 'சோல்ஜர் ஆஃப் லவ்' என்ற பாட்டு இருந்தது. நியூயார்க் வானொலி நிலையம் ஒன்று பாடியவர் பெயரைச் சொல்லாமல், 'மர்மப் பாடகர்' என்று அதை ஒலிபரப்பியது. நேயர்களுக்குப் பிடித்துவிட்டது. பெயர் தெரிந்தபோது பாட்டு ஏற்கனவே வெற்றி பெற்றிருந்தது. 1989இல் பில்போர்டில் இரண்டாமிடம் வரை போனது. பாட்டைத் தனியாகவும் பெயரைத் தனியாகவும் வைத்து எடை போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சோதனை இல்லை.

யோசேப்பும் பயமும்

1992இல் டொராண்டோவில் 'ஜோசப் அண்ட் தி அமேசிங் டெக்னிகலர் டிரீம்கோட்' இசை நாடகத்தில் யோசேப்பாக நடிக்கத் தொடங்கினார். ஆண்ட்ரூ லாய்ட் வெபர் இசை, டிம் ரைஸ் பாடல். அண்ணன்மார் பொறாமையால் அடிமையாக விற்ற தம்பி எகிப்தில் உயரும் விவிலியக் கதை. இரண்டாயிரம் காட்சிகளுக்கு மேல் நடித்தார். வெளியே பார்த்தால் மறுவாழ்வு. உள்ளே வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

அந்த ஆண்டுகளில்தான் அவருக்குச் சமூகப் பதற்ற நோய் முற்றியது. மேடை ஏறும் முன் உடல் நடுங்கும், மூச்சு முட்டும், எல்லாரும் தன் பிழையைப் பார்த்துக்கொண்டிருப்பது போலத் தோன்றும். மேடை ஏறுவதா, சாவதா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் சாவையே தேர்ந்திருப்பேன் என்று பின்னாளில் சொன்னார். முப்பது ஆண்டு மேடையில் இருந்தவருக்கு மேடைப் பயமா என்று கேட்கலாம். இது மேடைக்குப் புதியவருடைய கூச்சம் இல்லை. பிழையே செய்யக்கூடாது என்று ஆறு வயதிலிருந்து பழகிய மனம் ஒரு கட்டத்தில் பிழையின் நிழலுக்கே அஞ்சுகிறது. உளவியல் சிகிச்சை எடுத்துக்கொண்டு மீண்டார். அதைவிடப் பெரிது, அதை ஒளிக்காமல் பேட்டிகளிலும் 1999இல் வெளியான தன்வரலாற்றிலும் சொன்னது. ஆண் பிள்ளை, அதுவும் எப்போதும் சிரித்த முகத்தோடு இருப்பவர், "எனக்கு மனநல மருத்துவம் தேவைப்பட்டது" என்று சொல்வது அன்று சாதாரண விஷயம் அல்ல.

தன்னைத் தானே கேலி செய்தல்

இதற்குப் பிறகு வந்த டானியிடம் ஒரு மாற்றம் தெரிகிறது. தன் பிம்பத்தை அவரே கேலிக்குக் கொடுக்க ஆரம்பித்தார். 2006இல் நகைச்சுவைப் பாடகர் 'வியர்ட் அல்' யாங்கோவிக்கின் 'வைட் அண்ட் நெர்டி' காணொளியில், பின்னணியில் கோணல்மாணலாக ஆடும் ஆளாக வந்து சிரிக்க வைத்தார். அதே ஆண்டு பிராட்வேயில் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' நாடகத்தில் காஸ்டன். தன் அழகைத் தானே மெச்சிக்கொள்ளும் வில்லன் வேடம் அது. 2009இல் 'டான்சிங் வித் தி ஸ்டார்ஸ்' நடனப் போட்டியில் முதல் பரிசு. 2019இல் 'தி மாஸ்க்ட் சிங்கர்' போட்டியில் மயில் வேடத்துக்குள் ஒளிந்து பாடி இரண்டாமிடம். மறுபடி பெயர் மறைத்த பாட்டு! முப்பது வருடத்துக்கு முன் பிழைப்புக்காகச் செய்ததை இந்த முறை விளையாட்டாகச் செய்தார்.

2008 செப்டம்பரில் லாஸ் வேகஸ் நகரின் ஃபிளமிங்கோ விடுதியில் தங்கை மேரியோடு சில வாரங்களுக்கு என்று தொடங்கிய நிகழ்ச்சி 2019 நவம்பர் வரை பதினோரு ஆண்டுகள் ஓடியது. சூதாட்ட நகரத்தில் மது தொடாத மார்மனா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 1855இல் அந்த இடத்தில் முதலில் கோட்டை கட்டிக் குடியேறியவர்களே மார்மன் ஊழியர்கள்தான்.

சிரிப்பைச் சிரிப்பால் வாங்கிக்கொள்ளும் இந்த வழியைச் சபையும் பின்னாளில் கையாண்டது. 2011இல் 'தி புக் ஆஃப் மார்மன்' என்ற இசை நாடகம் பிராட்வேக்கு வந்தது. மார்மன் ஊழியர்களை நையாண்டி செய்யும் நாடகம், வசைச் சொற்கள் நிறைய. சபை வழக்குப் போடவில்லை, மறியல் செய்யவில்லை. நாடகத்தின் நிகழ்ச்சிக் குறிப்பேட்டிலேயே விளம்பரம் கொடுத்து, நாடகம் பார்த்தவர்களை மூல நூலையும் படிக்கச் சொன்னது. நம் ஊர்களில் ஒரு சினிமா வசனத்துக்குத் திரையரங்கைச் சூழ்ந்துகொள்பவர்கள் கவனிக்க வேண்டிய பதில் இது.

2021 ஆகஸ்டில் லாஸ் வேகஸ் ஹாராஸ் விடுதியில் டானி தனி நிகழ்ச்சி தொடங்கினார். அதில் தம் வாழ்க்கைக் கதையையே ராப் பாட்டாகப் பாடினார். 2024 டிசம்பரில், அறுபத்தேழு வயதில், எடின்பரோ நகரில் 'ஜோசப்' நாடகத்துக்குத் திரும்பினார். இந்த முறை யோசேப்பு வேடம் இல்லை. எல்விஸ் பிரெஸ்லி பாணியில் இடுப்பை ஆட்டிப் பாடிச் சிரிப்பூட்டும் பார்வோன் ராஜா வேடம்.

டானி ஆஸ்மண்ட் பெரும் இசைமேதை என்று நான் வாதிடவில்லை. அவருடைய ஆரம்பகாலப் பாட்டுகள் பலவும் பதின்வயது ரசிகைகளுக்காகச் செய்த இனிப்பு மிட்டாய்தான். அவர் நம்பிக்கையை விடவில்லை, மேடையையும் விடவில்லை. அதற்காகக் கொடுத்த விலையைச் சொல்லவும் கூச்சப்படவில்லை. எனக்கு அவரிடம் பிடித்தது இதுதான்.

நம் சங்க மேடைகளிலும் ஆண்டுதோறும் பொங்கல் விழாவுக்கும் புத்தாண்டுக்கும் சின்னஞ்சிறு பிள்ளைகளை ஏற்றுகிறோம். திருக்குறள் சொல்லச் சொல்கிறோம், பாடச் சொல்கிறோம், "தமிழர் மானத்தைக் காப்பாத்து" என்று விளையாட்டாகவும் சொல்லி அனுப்புகிறோம். அயல் மண்ணில் அது தேவையாகவும் இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு குறளை மறந்து அந்தப் பிள்ளை விழிக்கும்போது நாம் முகத்தைச் சுளிக்கிறோமா, சிரித்துக் கைதட்டுகிறோமா என்பதில் நிறைய இருக்கிறது. கைதட்டுவோம். அடுத்த வருடமும் அது ஆசையோடு மேடை ஏற வேண்டாமா?